பேனருக்கு ஒரு புது வரி

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். டிசைனர் என்று சொல்லிக்கொள்ளலாம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் போட்டோவைப் பொருத்தி, உறவுக்காரர்களின் பெயர்களைச் சண்டை வராத வரிசையில் அடுக்கி, மேலே ஒரு நல்ல வரியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் போட்டோவோடு வருவார்கள், வரியோடு வரமாட்டார்கள். "நீங்களே நல்லதா ஏதாச்சும் போட்டுடுங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த "நல்லதா ஏதாச்சும்" என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டராக இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. கல்யாணத்துக்கு இரண்டு ரோஜாவும் இரண்டு மனங்கள் இணைவதைப் பற்றிய ஒரு வரியும். அஞ்சலிக்கு ஒரு அகல் விளக்கும், பிரிந்தாலும் நெஞ்சில் வாழ்வதைப் பற்றிய ஒரு வரியும். பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. நான் வேகமாக வேலை செய்கிறேன் என்று கடையில் எனக்கு நல்ல பெயரும் இருந்தது.

ஒரு வைகாசி மாதம் செம்மண்டலத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். மணப்பெண்ணின் தாய்மாமன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஏம்மா, எங்க வூட்டு பேனரும் எதிர் வூட்டு பேனரும் ஒண்ணா இருக்குதே, பாத்தியா? அதே ரோஜா, அதே வரி. எங்க சித்தப்பா ஊர்லேருந்து வந்தவரு, நேரா எதிர் வூட்டுப் பந்தல்ல பூந்து காபியக் குடிச்சிட்டு, பொண்ணு எங்கன்னு கேட்டுக்கினு ஒக்காந்திருக்காரு!"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்கு ஒரே பேனரை எழுதிவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. பெரியவர் போன பிறகு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே அந்த ஃபோல்டரத் தொறக்காதம்மா. புதுசா யோசி. லேட்டானா ஆவட்டும், கஸ்டமருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். எந்தக் கடையில் இப்படிச் சொல்வார்கள்? வேலை குவிந்து கிடக்கும் முகூர்த்த மாதத்தில் ஒரு முதலாளி கொடுத்த அந்த அவகாசத்தை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் யோசி என்றால் யோசனை வந்துவிடுமா? அடுத்து வந்த ஒரு கல்யாண பேனருக்கு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் அந்த இரண்டு ரோஜாதான் வந்தது. எனக்குக் கற்பனை கிடையாது, அது சில பேருக்குப் பிறவியிலேயே அமைவது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதுகூட இருக்கிறேன்.

எங்கள் மெஷின் ஆபரேட்டர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அவருக்குச் சும்மா நிற்பதுதான் வேலை. நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நல்ல வரி வரலியா? மொதல்ல கேவலமானதா ஒண்ணு சொல்லேன்" என்றார்.

"கேவலமானதா?"

"ஆமா. நான் சொல்லட்டா? சோறு நல்லாருக்கும், வந்துடுங்க. இதப் போடு."

சிரித்தேன். நானும் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். அவர் இன்னும் மோசமாக ஒன்று சொன்னார். ஓரம் வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டின் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் எல்லாவற்றையும் எழுதினோம். அதில் அவருடைய சோற்று வரியை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ இருந்தது. ரோஜாவில் இல்லாத ஒரு வீட்டு வாசனை. கொஞ்ச நேரத்தில் அதன் கீழே இப்படி எழுதினேன்: "பந்தி தயார். நீங்கள்தான் பாக்கி."

பெண் வீட்டார் அதைப் படித்ததும் சிரித்தார்கள். கூட வந்திருந்த ஒரு அம்மா, "எங்க மச்சான் இப்படித்தான் கூப்புடுவாரு" என்றார். நான் சொந்தமாக எழுதி ஊருக்குள் போன முதல் வரி அதுதான். அன்றிலிருந்து இன்றுவரை எந்த வேலைக்கும் முதலில் மோசமான வரிகளைத்தான் எழுதுகிறேன். நல்லதாக வர வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒரு எழுத்தும் நகர்வதில்லை. கேவலமாக எழுதலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டால் கை தானாக ஓடுகிறது. அந்த அனுமதியைக் கொடுத்த அண்ணனுக்குத் தான் என்ன கொடுத்தோம் என்பதே தெரியாது. சொன்னால், "போம்மா, நான் உன்ன சும்மா ஓட்டுனேன்" என்பார்.

அடுத்த வருடம் முதலாளி சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை போட்டார். வாரத்தில் சில நாள் நான் அங்கே போக வேண்டும். பஸ்ஸில் போகிற நேரம் முழுவதையும் போனில் தொலைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் போன் அணைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். கடைப் பலகைகள், ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருந்த வாசகங்கள், முன் சீட்டில் இரண்டு பெண்கள் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தது, சவுக்குத் தோப்பு. இறங்கும்போது, முந்தின நாள் எவ்வளவு முட்டியும் வராத ஒரு கடைத் திறப்பு வரி மனசுக்குள் தயாராக இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. அதற்குப் பிறகு வழியில் உள்ள ஆலப்பாக்கம் தாண்டும் வரை போனைப் பையைவிட்டு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எல்லா நாளும் வரி வந்துவிடாது. சில நாள் நல்ல தூக்கம் வரும். அதுவும் லாபம்தான்.

சிதம்பரம் கடைக்குப் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள்தான் வருவார்கள். ஒரு கூட்டம் வந்து, "அக்கா, எங்க ஃபிரெண்டு கடைசி அரியரையும் கிளியர் பண்ணிட்டான். காதுகுத்து பேனர் ஒண்ணு வேணும்" என்றார்கள்.

"அரியருக்கு ஏம்ப்பா காதுகுத்து?"

"அப்பதான்க்கா கெத்தா இருக்கும். நாங்க எல்லாரும் தாய்மாமனுங்க."

அப்படியே செய்தேன். நடுவில் பையனின் போட்டோ, சுற்றிலும் மாலை, கீழே "தாய்மாமன் சீர்: முந்தின வருடக் கேள்வித்தாள்கள்". செய்யும்போதே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு இடத்துப் பொருளைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்தாலே அது புதிதாகிவிடுகிறது என்று அந்தப் பிள்ளைகள் விளையாட்டாகக் காட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு பல் டாக்டரின் கிளினிக் திறப்புக்குக் கல்யாணப் பத்திரிகை பாணியில் எழுதினேன். டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இத்தனைக்கும் பிறகும் அஞ்சலி பேனர்களுக்கு மட்டும் பழைய ஃபோல்டரைத்தான் திறந்துகொண்டிருந்தேன். சாவு வீட்டு விஷயத்தில் புதிதாக முயன்று யார் மனதையாவது புண்படுத்திவிடுவோமோ என்ற பயம்.

ஒரு மழை நாளில் கடலூர் கடைக்கு, கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா தன் கொழுந்தனோடு வந்தார். அக்காவின் கணவர் மீன்பிடித் தொழில் செய்தவர். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். கருமாதிக்கு பேனர் வேண்டும் என்று கொழுந்தன் போட்டோவைக் கொடுத்தார். வழக்கமான விளக்கையும் வழக்கமான வரியையும் போட்டுத் திரையில் காட்டினேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "இது அவுரு இல்லீங்க" என்றார்.

போட்டோவை மாற்றிவிட்டேனோ என்று பதறிப்போனேன். "வேற போட்டோவாக்கா?"

"போட்டோ அவுருதான். எழுத்துதான் வேற யாருக்கோ எழுதுன மாதிரி இருக்குது."

"அண்ணி, எல்லாருக்கும் இப்படித்தான் போடுவாங்க" என்றார் கொழுந்தன், என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு. அக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல்தான் கேட்டேன். "அவுங்க உங்ககிட்ட தெனமும் என்னக்கா சொல்லுவாங்க?"

 போட்டோவைப் பார்த்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

"கடலுக்குப் போயிட்டு திரும்பி வரச்சொல்லோ, சிக்னல் கெடைக்கிற எடத்துக்கு வந்ததும் போன் போடுவாரு. கரை தெரியுது, ஒலய வையிம்பாரு. அவ்ளோதான். வேற ஒரு வார்த்த பேச மாட்டாரு. போன வச்சிடுவாரு."

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விளக்கை அழித்தேன். பழைய வரியை அழித்தேன். அவர் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்தையும் திருத்தாமல் அடித்தேன். "கரை தெரியுது, ஒலய வையி."

"இதப் போடலாமாக்கா?"

அக்கா உதடு அசைய இரண்டு தடவை படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது அவுருதான்" என்றார்.

முதலாளி வந்து பார்த்தார். பேச்சு நடையிலேயே போடலாமா என்று கேட்க வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டுப் போனார். நீல நிறப் பின்னணியில் அந்த வரியும், சிரிக்கும் அவர் முகமும், கீழே குடும்பத்தார் பெயர்களும் மட்டும்தான்.

சில நாள் கழித்து அதே ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். "அங்க ஒரு பேனர் போட்டீங்களே, கடலுக்குப் போறவங்கல்லாம் நின்னு படிச்சிட்டுப் போறாங்க. எங்கப்பாவுக்கும் அது மாதிரி வேணும்" என்றார்.

"உங்கப்பா என்ன சொல்லுவாருங்க?"

யோசித்தார். "ஃபேன அணைச்சியா, லைட்ட அணைச்சியான்னுதாங்க கேட்டுக்கினே இருப்பாரு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அவருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

யோசனை என்பது என் தலைக்குள் தேட வேண்டியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இருந்திருக்கிறது. நான் கேட்காததுதான் குறை. துக்கத்தில் இருந்த ஒரு பெண், சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பிடிவாதத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போன வருடம் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்குப் பேனர் எழுதச் சொன்னார் ஃபாதர். "எப்பவும் போடுற மாதிரி இல்லாம இந்த வருஷம் வேற மாதிரி பண்ணும்மா" என்றார். எனக்குப் பயம்தான், சொந்தக் கோயிலாயிற்றே. மோசமான வரிகளை எழுதிப் பார்த்தேன், மோசமாகவே இருந்தன. பஸ்ஸிலும் ஒன்றும் வரவில்லை. அந்த வாரம், பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பெண்களிடம் கேட்டேன். "திருவிழான்னா உங்களுக்கு மொதல்ல என்ன ஞாபகம் வருது?"

"புதுச் செருப்பு கடிக்கும்" என்றார் ஒருவர்.

"எங்க வூட்டுக்கு ஜாஸ்தியா சொந்தக்காரங்க வருவாங்க. பாத்திரம் தேய்க்கிறதுதான் ஞாபகம் வருது."

"கொடியேத்தத்தன்னிக்கு மழ வந்துடுமோன்னு பயமா இருக்கும். அதான் எனக்கு" என்றார் இன்னொருவர். உடனே எல்லோரும், ஆமாம், ஆமாம் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தச் சாயங்காலம் எல்லோரும் வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே வரி வந்துவிட்டது. "மழை வந்தாலும் கொடி ஏறும். குடையோடு வாருங்கள்." ஃபாதர் படித்துவிட்டு உரக்கச் சிரித்தார். அப்படியே அடிக்கச் சொன்னார்.

கொடியேற்றத்தன்று ஒரு சொட்டு மழை இல்லை. காலையிலிருந்தே வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் சாயங்காலம் கோயில் வாசலில் பார்த்தால், ஜனங்கள் கையில் குடையோடு வந்திருந்தார்கள். கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடை. கொடி மேலே ஏறியபோது யாரோ ஒருவர் சும்மா குடையை விரித்தார். பக்கத்தில் இருந்தவரும் விரித்தார். பிறகு வாசல் முழுக்க விரிந்தன. என்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னையும் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டார்.