மகிழ்ச்சி: அளக்க முடியவில்லை

மூனாவில் நாங்கள் ஆளுக்கொரு பாத்தி வைத்திருக்கும் பொதுத் தோட்டத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கெல்வின் ஒரு நோட்டில் எழுதி நகராட்சிக்கு அனுப்புகிறாராம். கோடிப் பாத்தி வில்மா சொன்னாள். அவளுக்கு முட்டை விற்கிறவள் சொன்னாளாம். யார் குழாயை மூடாமல் போனார்கள், யார் திருட்டுத்தனமாக மருந்து அடித்தார்கள், எல்லாம் மணி நிமிடத்தோடு அதில் இருக்கிறதாம். அன்றே என் பாத்தியோரம் இருந்த நத்தை மருந்து டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊரை விட்டு வந்து ஹோபர்ட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தும், அலுவலகக் கடிதம் என்றால் நான் இன்னும் இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருப்பேன்.

கெல்வின் ட்ரிஃபிட் என் பக்கத்துப் பாத்திக்காரர். எழுபத்தோரு வயது. மலைமேல் ஒரு நீர்மின் நிலையத்தில் முப்பத்துநாலு வருஷம் அளவுமானி பார்த்தவர். மணிக்கொரு தரம் முள் எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். முள் அசையாவிட்டால் நல்ல நாள். ஓய்வுபெற்ற பிறகு ரத்த அழுத்தம் ஏறியது. "தோட்டம் போடுங்க, தினமும் ரசிச்சது ஒண்ணை எழுதி வைங்க" என்று நர்ஸ் சொல்லியனுப்பினாள். இரண்டையும் அவர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் முதலில் தோட்டம் போட்ட லட்சணத்தை என்ன சொல்ல! பட்டாணி விதைத்த நாலாம் நாள் தோண்டிப் பார்ப்பார். ஆறாம் நாள் மறுபடியும். கேட்டால், "அளவுமானி இல்லாத மெஷினை எப்படிம்மா நம்புறது? உள்ள ஓடுதா இல்லையான்னு தெரிய வேணாமா?" என்பார். இங்கே அக்டோபர்தான் வசந்தம்; அதன் கடைசியில் வரும் கண்காட்சி விடுமுறைக்கு முன் இந்த ஊரில் யாரும் தக்காளி நாற்றைத் தொட மாட்டார்கள். இவர் மூன்று வாரம் முந்தியே நட்டு எல்லாவற்றையும் பனிக்குக் கொடுத்தார்.

பிறகு ஆஸ்பரகஸ். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம்தான். இங்கே இளந்தண்டைத் தின்பார்கள். நட்டு இரண்டு வசந்தம் வெட்டக் கூடாது. மூன்றாவதில்தான் தட்டுக்கு வரும், அதன்பின் இருபது வருஷம் தரும். பதினொரு கிழங்கு வைத்தார். நாலைத் தோண்டித் தோண்டியே கொன்றார். மீதி ஏழு கிழங்கை ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டேன். "தெரியல. ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துட்டு வந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன்" என்றார்.

அந்த ஏழால்தான் வம்பு வந்தது. குளிர்காலத்தில் தழையை வெட்டிவிட்டால் பாத்தி வெறும் மண். ஆறு மாதம் எதுவும் பறிக்காத பாத்தியை, இடம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது சங்கத்தின் விதி. காத்திருப்பவர்கள் நாற்பது பேர். அக்டோபர் முதல் சனிக்கிழமை, கூட்டம் நடக்கும் நாள், சங்கத் தலைவி ஜெனீன் பாத்தியருகே வந்து நின்றாள். இது இரண்டாவது வசந்தம். ஏழில் ஒன்று அப்போதுதான் ஊதா மூக்கோடு தலைகாட்டியிருந்தது.

"ஏன்யா கெல்வின், மண்ணை வளர்க்கிறியா?"

"கண்ணைத் தொறந்து பாரு, மூக்கு தெரியுது."

"தெரியுது. அதை வெட்டிக் கையில குடு. அறுவடைன்னு எழுதிக்கிறேன். பாத்தி உன்னோடது. கதை முடிஞ்சுது."

"இந்த வருஷம் வெட்டக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணு!"

"ஒண்ணை வெட்டினா அடுத்ததுக்குக் கை நீளும். என் கையை எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தலை சுற்றியது. வெட்டினால் பாத்தி தங்கும். வெட்டாவிட்டால் பாத்தியே போகும். பாத்தி போன பிறகு தண்டுக்குப் பொறுமை காத்து என்ன பயன்? கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல" என்றார் கெல்வின், நிஜமாகவே புரியாத முகத்தோடு.

"அப்ப அந்த நோட்டையாவது காட்டுங்க. தினமும் வந்து பாக்கறீங்கன்னு தெரியட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் நத்தை மருந்து ஞாபகம் வந்தது.

அவர் தயங்கி நீட்டினார். ஜெனீன் புரட்டினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

'ஆகஸ்ட் 9. காலை 8.00. தெற்குக் காற்று. முளை: இல்லை. மகிழ்ச்சி: அளக்க முடியவில்லை.'

'ஆகஸ்ட் 23. 8.10. நீலச் சிட்டு மண்வெட்டிப் பிடியில் உட்கார்ந்தது. பதினொரு நிமிடம். முளை: பார்க்க மறந்தேன். மகிழ்ச்சி: அரை.'

'செப்டம்பர் 2. 8.00. பக்கத்துப் பாத்தியில் வெந்தயம் முளைத்திருக்கிறது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.'

நான் திரும்பி என் வெந்தயத்தைப் பார்த்தேன். விரலளவு வளர்ந்திருந்தது. எப்போது?

"அரைன்னா என்னய்யா? எதுல அரை?" என்றாள் ஜெனீன்.

"தெரியலியே. முழுசுன்னு எழுதப் பயமா இருந்துச்சு."

"உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது! என்னைப் பத்தி எழுதியிருக்கியா?"

"ஒரு நாள் விசிலடிச்ச. ராகம் தப்பு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "விதியில நோட்டைப் பத்தி ஒண்ணும் இல்ல. வில்மா வேற உனக்கு எதிரா ஆறு பேரைச் சேத்து வெச்சிருக்கா. இதை எடுத்துட்டுப் போய்க் கூட்டத்துல வாசிக்கிறேன். ஆனா நான் ஒருத்திதான், ஓட்டு அவங்களோடது. நாலு மணிக்குப் போன் பண்றேன்."

நோட்டோடு போய்விட்டாள். கெல்வின் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார், எதில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பச் செருகினார், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். நான் வீட்டுக்குப் போகவில்லை. வெந்தயத்தைக் கிள்ளுவதுபோல் பாவனை செய்துகொண்டு கடிகாரத்தையே பார்த்தேன்.

நாலடிக்க ஐந்து நிமிடம். மேகம் விலகி, தண்டின் மேல் வெயில் விழுந்தது. அதன் பக்கத்தில் மண் லேசாக வெடித்திருந்தது. கெல்வின் குனிந்தார். விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார்.

வாளியருகே கிடந்த அவர் போன் அடித்தது. ஜெனீன்.

"கெல்வின், எடுங்க!"

"இரும்மா. இன்னொண்ணு வருதுபோல இருக்கு."

அவர் குரலில் இருந்தது சந்தோஷமா, பயமா, எனக்குப் பிடிபடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.