கத்தரிப்பூ நிறத்தில் இருபது பற்கள்

பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் பல்லக்கா என்றே கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் கணவரிடம் அவள் முதலில் பார்த்ததே பல்லைத்தான். அவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார், வாயைப் பொத்திக்கொண்டு.

அப்படிப்பட்டவளுக்கு அன்று கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

மாடியில் அவள் தங்கை சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒருமுறை வேரை அடைத்தும் கசிந்து சீழ் வைத்த பல். மறுபடி கசிந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அடைக்கப் பழைய பசையா, புதுப் பசையா? அக்காவின் சோதனை முடிவுக்காக டாக்டரம்மா காத்திருந்தார்.

மற்றவர்களுக்குப் பிடுங்கிய பற்களில் பத்தைப் பழைய பசையாலும், பத்தைப் புதியதாலும் அடைத்திருந்தாள். அடையாளத்துக்காகத் தங்கையின் நெயில் பாலிஷை எடுத்து, வேர்நுனியை மட்டும் விட்டுப் பழையதற்குச் சிவப்பும் புதியதற்கு ரோஸும் பூசினாள். பசை கசிந்தால் நுனி வழியே மை உள்ளே ஏறிக் காட்டிக்கொடுக்கும் என்று, எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்து நீல மையில் ஒரு வாரம் ஊறப்போட்டாள். இன்று பிளந்து பார்த்தால் சிலவற்றில் மை நுனியோடு நின்றிருந்தது. சிலவற்றில் பாதி வேர்வரை ஏறியிருந்தது. ஆனால் எது பழசு, எது புதுசு? இரண்டு நிறமும் மையைக் குடித்து ஒரே கத்தரிப்பூ நிறமாகியிருந்தன!

தொலைபேசி அலறியது. "அக்கா, எவ்வளவு நேரம் இப்படியே படுத்திருக்கிறது? சீக்கிரம் சொல்லு."

"உன் நெயில் பாலிஷ் சாயம் மாறிடுச்சுடி."

"என்னோடதா? அதை எவனோ பிடுங்கிப் போட்ட பல்லுக்கா பூசின?"

அக்கா தொலைபேசியை வைத்தாள். குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாமா? கூடப்பிறந்தவளின் பல்லாயிற்றே! அப்போதுதான் மேசைமேல் கிடந்த தங்கையின் எக்ஸ்ரே கண்ணில் பட்டது. அதில் போன தடவை அடைத்த பழைய பசை சாம்பல் நிறமாய் மங்கித் தெரிந்தது. புதியது சுண்ணாம்புபோல் பளிச்சென்று தெரியுமே!

எல்லாத் துண்டுகளையும் எக்ஸ்ரே எடுத்தாள். மங்கிய பழைய பத்தில் ஒன்றில்கூட மை நுனியைத் தாண்டவில்லை. பளிச்சென்ற புதிய பத்தில் ஒன்பதில் ஏறியிருந்தது. மீதி ஒன்றில் ஏன் ஏறவில்லை? தெரியவில்லை. படியேறி ஓடினாள்.

"பழசே போடுங்க டாக்டரம்மா."

தங்கை துள்ளி எழுந்தாள். "போன தடவை கசிஞ்சதே அந்தப் பழசுதானே?"

"அதான்டி எனக்கும் புரியல. ஆனா கீழ இருக்கிற பல்லெல்லாம் இதைத்தான் சொல்லுது."

தங்கை முறைத்தாள். "ரெண்டு நெயில் பாலிஷ் வாங்கிக் குடுக்கணும் நீ." பிறகு, நீல மை படிந்த அக்காவின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.