தங்கம்மை டீச்சரின் காதும் கரண்டு இல்லாத பள்ளிக்கூடமும்

தங்கம்மை டீச்சருக்காக எழுந்து நிற்பது ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா என்ற பெரும் பிரச்சினைக்கு எங்கள் பள்ளி நிர்வாகக் குழு சென்ற திங்களன்று தீர்வு கண்டது. ஒன்றரை நிமிடம். ஏகமனதான தீர்மானம். அதை என் வகுப்பில் அறிவிக்கும்படி பியூன் வந்து சொன்னபோதுதான், கொட்டாரம் ஊரில் தம் வீட்டில் டீச்சர் காலமான செய்தி எனக்குத் தெரிந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காசநோய்க்குப் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவர் உயிரை விட்டுவைத்தது, காதை எடுத்துக்கொண்டது. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் அவர். குணமாகித் திரும்பியதும் பிள்ளைகளைச் சிலேட்டோடு மேசைக்கு அழைத்துத் திருத்தினார். பேசுபவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். பிள்ளைகள் யாரும் கணக்கில் பின்தங்கவில்லை. ஆனாலும் செவிடர் கற்பிக்கலாமா என்ற சந்தேகம் குழுவைத் தூங்கவிடவில்லை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டர், உப்புநீரில் நனைத்த பஞ்சை அவர் காதுக்குள் வைத்து, பேட்டரியிலிருந்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். நான் துணைக்குப் போயிருந்தேன்.

“கஞ்சி கொதிக்குத மாதிரி ஒரு சத்தம், சாரே” என்றார் டீச்சர், என் கையைப் பிடித்துக்கொண்டு.

செவி நரம்பு சாகவில்லை. ஆனால் இந்த இரைச்சலைப் பேச்சாக்கும் கருவி இன்னும் வரவில்லை என்று டாக்டர் எழுதிக் காட்டினார். டீச்சர் வாசித்துவிட்டுச் சிரித்தார். “வாசல்தான் இடிஞ்சு போச்சு. உள்ள ஆளு உண்டு.”

இந்தச் சந்தோஷத்தை அவர் குழுவிடமும் சொன்னார். குழுவின் தலைவரான பள்ளி மேனேஜர் ஆழ்ந்து யோசித்தார்.

“அப்பம் கரண்டு இருந்தாத்தானே டீச்சருக்குக் கேக்கும்? நம்ம பள்ளிக்கூடத்துல கரண்டு கெடையாதே.”

பள்ளிக்கு மின்சாரம் வரும்வரை டீச்சர் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. டாக்டர் பாய்ச்சியது பேட்டரி கரண்டு என்றேன். கணக்குக்குக் காதே வேண்டாம் என்றேன். ஆளுக்கு இரண்டு நல்ல காதுகள் உள்ள சபை, ஒருவருக்கும் கேட்கவில்லை.

மேனேஜரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் எழுந்தார். “நீங்க பேசுனது கேக்கல்ல, மேனேஜர் சாரே. ஆனா மனசிலாச்சு.”

பழைய நோய் திரும்பி டீச்சர் படுத்திருந்தபோது அவரைப் பார்க்கக் குழுவிலிருந்து ஒருவரும் போகவில்லை. இப்போது அவருடைய படத்தை ஆபீசில் மாட்டப் போகிறார்களாம். படத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். உள்ளே ஆள் உண்டு என்று அவர் சொன்ன சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். யாரையாவது செவிடு என்று ஒதுக்கும் இடத்தில் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு இப்போது தையல் டீச்சர் கணக்கு எடுக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.