பிச்சை முகம்மதுவின் அம்புக்குறி

"எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே பிச்சை முகம்மது காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுக்கிறார். எதிரே நிற்பவர் திருமலைச்சாமி. கேரட் கழுவும் மெஷினின் மோட்டாரைச் சாக்கில் கட்டி, கூக்காலிலிருந்து பெருமாள்மலையில் இருக்கும் இவருடைய மோட்டார் ரிப்பேர் கடை வரை தூக்கி வந்திருக்கிறார். வலப்பக்கம் சுற்ற வேண்டியது இடப்பக்கம் சுற்றுகிறது என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறார்.

"அதாங்க, யாருக்கு வலது? மோட்டாருக்கு முன்னால நின்னா ஒண்ணு, பின்னால நின்னா ஒண்ணு. அங்க எப்படி நிப்பீங்களோ அப்படி வந்து நில்லுங்க."

ஐம்பது வயதுத் திருமலைச்சாமி நடுக்கடையில் வந்து நின்று, இல்லாத கேரட்டை இல்லாத டிரம்முக்குள் அள்ளிப் போட்டுக் காட்டுகிறார். பிச்சை முகம்மது சிரிக்கவில்லை. அந்தக் கை போகும் போக்கைப் பார்த்து மோட்டாரின் முதுகில் ஓர் அம்புக்குறி வரைகிறார். "பிளக்கைக்கூடத் திருப்பிச் சொருகிப் பாத்தேன் பாய்" என்கிறார் திருமலைச்சாமி. "நீங்க மட்டுமா? இந்த மலை பூராவும் அதத்தான் செய்யுது."

பிளக்கைத் திருப்பினால் ஒன்றும் ஆகாது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று மோட்டாரை ஓட்டுவது, மற்றது கிளப்பிவிடுவது. கிளப்பிவிடும் சுருளின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதிக ஆசைப்பட்டு இரண்டு சுருள்களையும் மாற்றினால் பழையபடிதான் ஓடும். இவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிட வேலைக்கு அவர் அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறார்.

ஆள் ஒல்லி. சித்திரை வெயிலிலும் கழற்றாத பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் மோட்டார் சுருளுக்குப் பூசும் வார்னிஷ் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். கண்ணாடியின் ஒரு காலை ஒயர் சுற்றிக் கட்டியிருக்கிறார். மோட்டாரை மூடுவதற்கு முன் அதற்கு எதிரே ஒருமுறை, பின்னால் ஒருமுறை நின்று அம்புக்குறியைப் பார்ப்பார். பிறகு வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பார்.

ஃபோனில் மட்டும் ஒரு வார்த்தை வாங்க முடியாது. "போன்ல மோட்டாரு பாக்க மாட்டேங்க. தூக்கிட்டு வாங்க." அன்றைக்கும் திருமலைச்சாமி பொருமித் தீர்த்தார். "கூக்கால்லருந்து பஸ்ஸு கெடைக்கிறதே பெரும்பாடு. ரெண்டு வயரு எதுன்னு சொன்னா நானே மாத்திருப்பேன்ல?" பிச்சை முகம்மது ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே இருந்தார். பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு, தலைக்கனம் என்றுதான் கடைவீதியில் பேச்சு. தலைக்கனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரோடு இதே கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கொடைக்கானல் லாட்ஜ்களிலிருந்து வந்த மோட்டார்கள் வாசல்வரை குவிந்து கிடந்தன. பண்ணைக்காட்டிலிருந்து கதிர்வேல் கூப்பிட்டார். பழைய மோட்டாரில் சாணைக்கல்லை மாட்டி, காப்பித் தோட்டத்துக் கத்தி, மண்வெட்டி தீட்டிக் கொடுப்பவர். பிச்சை முகம்மதுவுக்கு இருபது வருடச் சிநேகிதம். கையெல்லாம் வார்னிஷ் என்பதால் இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், மெஷின புது ஷெட்டுக்கு மாத்துனேன். செவரு இடிக்குதுன்னு இப்ப அந்தப் பக்கமா நின்னு தீட்டுறேன். தீப்பொறி பூராவும் மூஞ்சிக்கு வருது. கல்லு எதிர்ப்பக்கம் சுத்தணும்."

மெஷினைத் தூக்கித் திருப்பிவை என்று சொல்லியிருக்க வேண்டும். இவர் அவசரத்தில் இருந்தார். "மூடியக் கழட்டு. செவப்பையும் மஞ்சளையும் இடம் மாத்து. ரெண்டு நிமிச சோலி கதிரு, வெரசா முடி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பார்க்காமலே சொல்கிறாரே, என்ன ஆள் என்று நானும் வியந்துபோய்த் தலையாட்டினேன்.

சாணைக்கல்லைப் பிடித்திருக்கும் நட்டு, கல் சரியான பக்கம் சுற்றும்போது தானாக இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தானாகக் கழலும். மறுநாள் மத்தியானம் அந்தக் கல் கழன்று பறந்தது. கதிர்வேலின் இடது கண் போய்விட்டது.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பாதி முகம் கட்டோடு படுத்திருந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நட்ட நான் சரியா முறுக்கல பாய். நீங்க சொன்னபடி வயரு கரெக்டாத்தான் மாத்துனேன். என் தப்பு." பிச்சை முகம்மது வாங்கிப்போன ஆரஞ்சுப் பழப் பையைத் தூக்கிப் பிடித்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ் வத்தலக்குண்டு தாண்டியதும் சொன்னார்: "அவன் நல்லாத்தான் முறுக்கியிருக்கான் சார். நான்தான் போன்லயே கழட்டிவிட்டுட்டேன்." கதிர்வேலிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். நான்கு வருடம் ஓடிவிட்டது. இது கோழைத்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அதே நான்கு வருடமாக நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த எரிச்சலும் அவர் மேலேதான் போகிறது.

உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் சொன்னதையும் போட்டுவிடுகிறேன்: "எழுதுங்க சார். எவனாச்சும் படிச்சு அவன்கிட்டப் போய்ச் சொல்லட்டும். எனக்கு வாய் வர மாட்டேங்குது."

போன திங்கட்கிழமை கதிர்வேலும் அவர் மனைவி ரோகிணியும் கடைக்கு வந்தார்கள். சாணைத் தொழில் அந்தக் கண்ணோடு போயிற்று. ஒற்றைக் கண்ணனை ஏணியில் ஏற்றி மிளகு பறிக்க விடவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு தோட்டத்தில் காப்பிப்பழம் உரிக்கும் மெஷின் பக்கத்தில் கூலிக்கு நிற்கிறார். அந்த மோட்டாரைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பிச்சை முகம்மது வேலையை முடித்து, அம்புக்குறி வரைந்து, இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். பெல்ட் ஓடும் புல்லியைக் கதிர்வேலே மாட்டி, போல்ட்டை முறுக்கினார். முறுக்கியதை மறுபடியும் முறுக்கினார். விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் ஸ்பேனரை வைத்தார்.

"விடுங்க. நீங்க முறுக்குற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே" என்றாள் ரோகிணி. "அன்னைக்கு ஒழுங்கா முறுக்கியிருந்தா நான் ஏன் இப்படிச் சீரழியிறேன்? பாய்கிட்டக் குடுங்க."

கதிர்வேல் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஸ்பேனரை நீட்டினார். "ஆமா பாய், நீங்க ஒருக்கா பாத்துருங்க. என் கைய நம்ப முடியாது."

பிச்சை முகம்மது ஸ்பேனரை வாங்கி, பெஞ்சில் இடது கையை ஊன்றிக்கொண்டு முறுக்கினார். மணிக்கட்டில் நரம்பு புடைத்தது. போல்ட் ஒரு நூல்கூட அசையவில்லை.

"லூசாத்தானே இருந்துச்சு, பாய்?" என்று கேட்டாள் ரோகிணி.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வாய் திறந்தது. பிறகு கையை நீட்டி, மோட்டார் சுவிட்சைப் போட்டார்.