வயலின் மைக்கின் ஒயர்

பாகூர் கோயில் திருவிழாவுக்கு நான்தான் மைக்செட். சொந்தமாக மெட்டுப் போட்ட பாட்டுகளைப் புதிதாக கேசட்டில் வெளியிட்டு, ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. அதன் வயலின்காரர் ஒல்லியாக, என் வயதில் இருந்தார். வாசிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

நடுவில், நன்கொடை தந்தவர்களின் பெயரைப் படிக்க விழாக்குழுவினர் ஒரு மைக் கேட்டார்கள். ஆம்ப்ளிஃபயரில் வேறு இடமில்லை. வயலின் மைக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினேன். பெயர்கள் முடிந்த பிறகும் மாற்றவில்லை. வயலின் இல்லையென்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை; எனக்கும் சோம்பல். அவர் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டேயிருந்தார்.

எல்லாம் முடிந்து நான் ஒயர் சுருட்டும்போது வந்தார்.

“கடைசிப் பாட்டுல வயலின் நல்லா கேட்டுதாபா? அது நான் போட்ட மெட்டு.”

“ஜோரா கேட்டுது சார்.”

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “குடு, நானும் சுத்தறேன்” என்று தன் மைக்கிலிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். மற்ற மைக்குகளின் ஒயர்கள் இன்னும் ஆம்ப்ளிஃபயரில் சொருகியபடியே இருக்க, இதன் மறுமுனை மட்டும் வெளியே தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தார். அதிலிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்து, சுருளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.