பெட்டிமேல் அமர்ந்த கமலநாதன்

போர்ட் கிள்ளான் குளிர்கிடங்கில், மைனஸ் பதினெட்டு டிகிரியில், ஒரு மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார் காப்பார் ஊர்க்காரரான கமலநாதன். உட்கார வேறு இடம் இல்லாமல் இல்லை. எழுந்தால் வேலை போய்விடும்.

மீனைப் பார்த்ததும் இனம் சொல்லிப் பெட்டியில் எழுதுவது அவர் உத்தியோகம். இந்த இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில், பெற்ற மகளின் பெயரை ஜோசியர் பேச்சைக் கேட்டு இரண்டு முறை மாற்றியவர், ஒரு மீனின் பெயரையும் மாற்றியதில்லை.

அன்று காலை வந்தவை திரெஷர் சுறாக்கள். உடம்பு எவ்வளவோ வாலும் அவ்வளவு. கொண்டுவரத் தனி அனுமதித்தாள் வேண்டும், முதலாளியிடம் இல்லை. ஆகவே மேனேஜர் விமலன் தலையையும் வாலையும் வெட்டச் சொல்லி, முண்டங்களுக்கு, அனுமதி தேவைப்படாத 'மர்லின்' மீன் என்று தானே ஞானஸ்நானம் கொடுத்தான். வால்களைக் குப்பையில் போடச் சொன்னான். கமலநாதனோ அவற்றை நீளப் பெட்டியொன்றில் அடுக்கி, மூடியில் 'திரெஷர் வால், 40' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"ஏண்ணே எழுதினீங்க?" விமலன் பல்லைக் கடித்தான்.

"பேரு எழுதாத பெட்டி உள்ள வரக்கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதானே, பாஸ்."

"ஆபிசர் வந்தாச்சு. வாயை மூடிட்டு அதுமேலயே குந்துங்க லா!"

மீன்வள அதிகாரி புனிதா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வந்தாள். இன்னும் ஒன்பது. கமலநாதனின் பின்பக்கம் உணர்விழந்து, அரசு அலுவலகம்போல் ஆகியிருந்தது. இன்னும் நான்கு.

"அங்கிள், கொஞ்சம் எந்திரிங்களேன்."

"மூட்டு வலிம்மா. உக்காந்தா உக்காந்ததுதான்."

"சரி, அது மட்டும் இருக்கட்டும்." பனி மூடிய முண்டம் ஒன்றைத் தடித்த கையுறையால் தட்டிவிட்டு, தாளில் எழுதினாள். "மர்லின். நல்ல ரகம்."

விமலன் மூச்சு விட்டான். கமலநாதனால் விட முடியவில்லை. நல்ல ரகமாம்! வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் வீடு, வேலை, சம்பளம் எல்லாம் பத்திரம். மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

"கையுறையக் கழட்டித் தடவிப் பாரும்மா," என்றார் கடைசியில். "உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். மர்லினுக்கு ஏது இந்தத் தோலு?"

"அண்ணே!" என்றான் விமலன்.

புனிதா தடவினாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்ப இது என்ன மீனு?"

கமலநாதன் எழுந்தார். ஒட்டிக்கொண்ட கால்சட்டை சர்ரென்று பிய்ந்து வந்தது. அவள் குனிந்து பெட்டி மூடியில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான். பேரு கமலநாதன். 'ள' இல்லம்மா, 'ல'. சரியா எழுதிக்கோங்க."