ஜப்பான் தேசப்படத்தில் றஞ்சிதம் மாமி தேடிய கரை

"ஜப்பானில தை மாசத்தில எந்தக் கரை அடங்கியிருக்கும், பிள்ளை?"

2013 செப்ரெம்பரில் றஞ்சிதம் மாமி என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, எங்கள் கடற்கரை ஊரான வங்காலையில் இருப்பதா வெளியே போவதா என்று முடிவில்லாமல் திரிந்த காலம் அது. ஆங்கிலம் கொஞ்சம் வாசிப்பேன் என்பதால் எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் கடிதங்களை நான்தான் பார்த்துச் சொல்வேன்.

அந்தக் கடிதம் ஒரு ஜப்பானிய உதவி நிறுவனத்திடமிருந்து வந்தது. மீள்குடியேறிய கரையோர ஊர்களிலிருந்து ஆறு பெண்களைத் தை மாதத்தில் பத்து நாள் ஜப்பானைப் பார்க்க அழைத்துப் போவார்கள். எங்கள் சங்கத்திலிருந்து கருவாடு போடும் றஞ்சிதம் மாமியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூடவே ஒரு படிவம். ஐந்து பிரதேசங்களின் பெயர்கள் இருந்தன. விருப்பமான இரண்டுக்கு அடையாளம் இட வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார்கள். மாமி மூன்று நாள் எடுத்தார்.

அதற்கு ஒரு காரணம் அவருடைய வாழ்க்கை. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி ராமேஸ்வரத்துக்குப் படகேறினார். மண்டபம் அகதி முகாமில் கொடுத்த அறையில் இருந்தார். கணவர் அங்கேயே நோயில் இறந்தார். சண்டை முடிந்து 2010இல் மகள் நிவேதிகாவோடு திரும்பியபோது, அளந்து கொடுத்த காணித் துண்டில் தகரக் கொட்டில் போட்டார். "ஏறு எண்டாங்கள், ஏறினன். இறங்கு எண்டாங்கள், இறங்கினன். எங்க போக விருப்பம் எண்டு என்னை ஒராள் கேக்கிறது இதுதான் முதல் தரம்," என்றார்.

மற்றக் காரணம் நிவேதிகா. கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காகப் பாஸ்போட் எடுத்து ஏஜென்சிக்காரரிடம் கொடுத்திருந்தாள். அவளுடைய குழந்தைக்கு அப்போது மூன்று வயது. மகள் போவதில் மாமிக்குச் சம்மதமில்லை.

எங்கள் கரையில் மீன் நிறைய வருவது வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில். மழையும் அப்போதுதான். சூடை என்ற சிறு மீன் குவிந்து கிடக்கும், காயப்போட வெயில் இருக்காது. மூன்று மாதம் பெண்களுக்கு வேலையில்லை. "மழைக்கும் ஒரு வேலை காட்டுங்கோ அம்மா, நான் ஏன் போறன்," என்று நிவேதிகா சொல்லியிருந்தாள். மழைக்காலத்தில் மீனை என்ன செய்வது என்று பார்த்து வரத்தான் மாமி ஜப்பானுக்குப் போக நினைத்தார்.

செய்தி பரவியதும் சங்கக் கட்டடத்துக்கு ஒவ்வொருவராக வந்து ஆலோசனை சொன்னார்கள். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் லோறன்ஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நாகசாகியைப் போடுங்கோ. அங்க நல்ல தேவாலயங்கள் இருக்காம். எங்களுக்காகவும் ஒரு செபம் சொல்லலாம்."

"அது ஒண்டு போடுறன். மற்றது?"

"மற்றது எதைப் போட்டால் என்ன? மீனைப் பச்சையாத் தின்னுற ஆக்களிட்டக் கருவாடு படிக்கவோ போறியள்?"

"பச்சை மீனுக்கு ஐஸ் இல்லையெண்டு நீ அரசாங்கக் கந்தோர் கந்தோரா அலையிறாய். அதுக்கு இது பரவாயில்லை."

லோறன்ஸ் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

பிறகுதான் மாமி எந்தக் கரை அடங்கியிருக்கும் என்று கேட்டார். எங்கள் ஊரில் அது இயல்பான கேள்வி. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் மேற்குப் பார்த்த எங்கள் கரை கொந்தளிக்கும். படகையும் வலையையும் கொண்டு வடக்குக் கரைக்குப் போய், ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். ஐப்பசிக்குப் பின் வாடைக் காற்று வரும்போது அந்தக் கரை கெட்டுவிடும், எங்கள் கரை அடங்கிவிடும், எல்லோரும் திரும்புவார்கள். எங்கே போவது என்பதை எங்கள் ஆட்கள் மாதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து தேசப்படப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மாமி ஜப்பானின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தை மாசம் வாடை. காத்து இங்கால, கிழக்காலதான் வரும். நடுவில மலை இருக்கு, மறைக்கும். அப்ப மேற்குக் கரை எங்கட கரை மாதிரித்தான். கடல் அடங்கி, மீன் பட்டுக்கொண்டிருக்கும். பொம்பிளையள் கரையில நிப்பினம்."

எனக்கு அது சரியாகவே பட்டது. நாகசாகிக்கும், மேற்குக் கரையிலுள்ள ஹொக்குரிக்கு என்ற பிரதேசத்துக்கும் அடையாளம் இட்டேன்.

தை மாதம் மாமி ஹொக்குரிக்குக் கரையிலிருந்து தொலைபேசியில் பேசினார். "பிள்ளை, பிழைச்சுப்போச்சு. வள்ளமெல்லாம் கட்டிக் கிடக்கு. கடல் பேய் மாதிரி இரையுது. வெள்ளையாக் கொட்டுது, கால் புதையுது."

அந்த நாட்டில் குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து, மேற்குக் கடலைத் தாண்டி வருகிறது என்பதை நான் அதன் பிறகுதான் படித்தேன். காற்றுக்கு மறைவான கரையென்று நாங்கள் தேர்ந்தெடுத்தது, காற்று நேராக வந்து மோதும் கரை. படிவத்தை நிரப்பியவள் நான்தான்.

அங்கே நடந்ததை மாமி திரும்பி வந்து சொன்னார். பார்க்க ஒன்றுமில்லை என்று குழுவைக் கோயில்களுக்கு அழைத்துப் போகப் பார்த்தார்களாம். மாமி வாகனத்தில் ஏறவில்லை. மொழிபெயர்ப்புக்காகக் கூட வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம், "தம்பி, கடல் இப்பிடிக் கிடந்தால் இவை என்னத்தைச் சாப்பிடுகினம்? கேளும்," என்றார்.

அவர் கேட்டதும், தங்கியிருந்த வீட்டுக்காரி பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். கல் ஏற்றிய மரப் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. உள்ளே தவிடு. தவிட்டுக்குள் உப்புப் போட்ட மீன், அடுக்கடுக்காக. மாதக் கணக்கில் அப்படியே இருக்குமாம். கழுவிச் சுட்டுச் சோற்றோடு சாப்பிடுவார்களாம். வெயிலே தேவையில்லை.

"கடல் அடங்கின கரைக்குப் போயிருந்தால் எனக்குப் பச்சை மீனைத்தான் காட்டியிருப்பினம்," என்றார் மாமி.

மாசி மாதம் உயிலங்குளத்தில் பரமநாதன் அண்ணையின் நெல் ஆலைக்குத் தவிடு வாங்கப் போனோம்.

"எத்தினை மாடு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"மாட்டுக்கில்லை. மீனுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மூட்டையைக் கட்டினார்.

மீனையும் தவிட்டையும் அடுக்கிய முதல் வாளி பழுதாகிவிட்டது. எங்கள் வெக்கைக்கு அங்கே போடுகிற அளவு உப்பு போதவில்லை. சித்திரையில் திறந்தபோது புழு. கடற்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். அடுத்த கிழமை நிவேதிகா கட்டாருக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாமி பஸ் போகும்வரை நின்றார்.

அடுத்த நாளே இரண்டாவது வாளியைத் தொடங்கினார். உப்பைக் கூட்டினார், தவிட்டை வறுத்து ஆறவிட்டுப் போட்டார். ஐப்பசியில் மழை தொடங்கிய கிழமை திறந்தோம். மீன் உறுதியாக, நல்ல மணத்தோடு இருந்தது. புட்டோடு சாப்பிட்ட லோறன்ஸ் இரண்டாம் தரமும் கேட்டார். அந்த மழைக்காலம் ஐந்து பெண்கள் சங்கக் கட்டடத்துக்குள் இருந்து மீன் அடுக்கினார்கள். இப்போது பதினொரு பேர்.

வாளியைத் திறந்த அன்று மாமி மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சரி வந்திட்டுது, பிள்ளை."

"ஓம் அம்மா. நல்லது. எனக்கு இன்னும் பதினெட்டு மாசம் கிடக்கு. சின்னவள் சாப்பிட்டவளோ?"

அந்தப் பக்குவம் ஆறு மாதம் முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தால் நிவேதிகா போயிருக்கமாட்டாள். மழையில் மீன் காயாது என்பதற்காக எந்தக் கரையிலாவது ஒரு பெண் இன்று பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகக்கூடும். அவரை எனக்குத் தெரியாது. வாசிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். பாஸ்போட்டைக் கொடுப்பதற்கு முன் இந்தத் தவிட்டு மீனைப் பற்றி அவருக்குச் சொல்லிவிடுங்கள்.